அந்தக் கால் யாருடையது?

"கால் ஒத்தையா, ஜோடியா சார்?"

அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம். மணவாள நகர் பக்கம் ரயிலைவிட்டு இறங்கி, ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனால், வாசலில் தகடு விற்பார்கள். கை, கால், கண், வயிறு... எங்கே வலியோ அந்தத் தகடு. குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு, தகட்டை உண்டியலில் போட வேண்டும். இங்கே பெருமாள் வைத்திய வீரராகவர்.

போன முறை ஒற்றைக் கால் தகடு ஒன்றை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இத்தாலிய ஓவியம் ஞாபகம் வந்தது. அதிலும் ஒற்றைக் கால்தான் விவகாரம்.

வரைந்தவர் ஃபிரா ஆஞ்செலிகோ என்ற துறவி. 1438-40 வாக்கில் ஃப்ளோரன்ஸ் நகரத்து சான் மார்க்கோ தேவாலயத்துக்காக ஒரு பெரிய பலிபீடப் படம் செய்தார். நடுவே மாதாவும் குழந்தையும். கீழே சின்னச் சின்னப் பலகைகளில் கோஸ்மாஸ், தமியான் என்ற இரட்டையரின் கதை. காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த புனிதர்கள். படத்துக்குப் பணம் கொடுத்தவர் கோசிமோ தெ மெடிசி. மெடிசி என்றால் மருத்துவர்கள் என்று அர்த்தம். கோசிமோ என்பதும் கோஸ்மாஸின் பெயர்தான். பணம் போட்டவர் சும்மா போடுவாரா!

பிற்பாடு பலகைகளைப் பிரித்து மியூனிக், பாரிஸ், டப்ளின் என்று சிதறடித்துவிட்டார்கள். நான் சொல்லும் பலகை ஃப்ளோரன்ஸிலேயே இருக்கிறது. அகலம் ஒன்றரை அடிதான்.

ஒரு படுக்கையறை. திரைச்சீலை விலகியிருக்கிறது. திருத்தொண்டர் ஜஸ்டினியன் அயர்ந்து தூங்குகிறார். புனிதர்கள் இருவரும் குனிந்து, அழுகிப்போன அவருடைய காலுக்குப் பதில் வேறொரு காலைப் பொருத்துகிறார்கள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஓர் அலறல்கூட இல்லை. குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்கிற அம்மா மாதிரி அத்தனை பதவிசு. இந்த அமைதிக்காகவே ஆஞ்செலிகோவைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால், புதிய கால் கறுப்பு.

அது யாருடையது என்று 13-ம் நூற்றாண்டின் புனிதர் கதைத் தொகுப்பு சொல்கிறது. அன்றைக்குத்தான் புதைக்கப்பட்ட ஓர் எத்தியோப்பியருடையது. அவருக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது. பிறகு கல்லறையைத் தோண்டிப் பார்த்தால், திருத்தொண்டரின் அழுகிய கால் அங்கே கிடக்கிறது. நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

இங்கிருந்து வடக்கே காளஹஸ்திக்குப் போங்கள். கண்ணப்பர் கதையும் உறுப்பு மாற்றுதான். ஆனால், நம் சிற்பி கொடுப்பவரைத்தான் செதுக்கினான். கண்ணில் அம்பு, லிங்கத்தின் மேல் ஊன்றிய கால். வாங்கிக்கொள்கிற சிவன் கல்லாக நிற்கிறார். கொடுக்கிற வேடனுக்குத்தான் முகம். 2023-ல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று தமிழக அரசு அறிவித்தபோதும் எனக்கு அந்த வேடன்தான் நினைவுக்கு வந்தார்.

ஆஞ்செலிகோ கல்லறையைக் காட்டவில்லை. நூறு வருஷம் கழித்து, 1547 வாக்கில், ஸ்பெயினில் வில்லோல்டோ என்ற சிற்பி இதே கதையைச் செதுக்கினார். அதில் அந்தக் கறுப்பு மனிதர் உயிரோடு, வெட்டுப்பட்ட காலோடு, கட்டிலடியில் தரையில் கிடக்கிறார். வாய் திறந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஆஞ்செலிகோவிடம் திரும்பினால், அந்த அமைதி கொஞ்சம் உறுத்தும்.

ஆனாலும் இவரை என்னால் முழுசாகக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அற்புதத்தில் எதுதான் முடியாது? நிறம் மாறியிருக்கலாம். தூரிகையை ஒரு தடவை தடவினால் போதும், கால் வெளுத்திருக்கும், நாமும் எதையும் கேட்டிருக்க மாட்டோம். துறவி அதைச் செய்யவில்லை. பூச்சும் மழுப்பலும் இல்லாமல் கறுப்பாகவே விட்டுவிட்டார். பெயரில்லாத அந்த மனிதர் அறைக்குள் வர அந்த நிறம் ஒன்றுதான் வழி.

படம் கிடைத்தால் கட்டிலடியில் பாருங்கள். ஒரு ஜோடிச் செருப்பு இருக்கும். விடிந்ததும் ஜஸ்டினியன் கால் நுழைக்க வேண்டும். ஒன்றில் அவருடைய கால். இன்னொன்றில்?