வடக்குச் சன்னல்

வீட்டுப் பட்டறைக்கு வரைபடம் போட்டுக்கொண்டு வருகிற நண்பர்கள் டேபிள் சா எங்கே நிற்கிறது, தூசி உறிஞ்சும் குழாய் எந்தச் சுவரோரம் ஓடுகிறது என்றுதான் முதலில் காட்டுகிறார்கள். என் கண் சன்னலைத் தேடும். இழைப்பு மேசைக்கு எதிரே, வடக்குச் சுவரில், மேசை நீளத்துக்கு ஒரு சன்னல் வேண்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.

எல்.இ.டி. விளக்கே போதும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. உச்சியிலிருந்து கொட்டும் வெளிச்சம் பலகையின் மேடுபள்ளத்தை மறைத்துவிடுகிறது. பக்கத்திலிருந்து தாழ வருகிற வெளிச்சத்தில்தான் இழைப்புளி விட்ட வரியும், எதிர்நாரில் பிய்ந்த இடமும் நிழலோடு எழுந்து தெரியும். பாலிஷ் ஏறிய பிறகு தெரிந்து என்ன பயன்? எங்கள் தெரு ஆசாரி திண்ணையோரம் பலகையைத் தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, மறுபடி ஓர் இழுப்பு இழுப்பார்.

நேர்வெயில் படாதது என்று ஆங்கிலப் புத்தகங்கள் புகழும் வடக்கு வெளிச்சத்தை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுக்கும். காலையும் மாலையும் சாய்ந்து நுழையும் வெயிலுக்குச் சன்னலின் இருபுறமும் செங்குத்துத் தடுப்பு வேண்டும்.

இதில் எனக்குப் பாடம் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1937 முதல் அங்கேயே தங்கிக் கட்டட வேலையைப் பார்த்தவர் ஜார்ஜ் நகாஷிமா. வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகப்புகள் நெடுகத் திருப்பிவிடக்கூடிய கிடைத்தகடுகள். வெயில் வெளியே நின்றுவிடுகிறது, காற்றும் வெளிச்சமும் உள்ளே போகின்றன. பின்னாளில் பென்சில்வேனியாவில் மரவேலைக்கே பெயர்பெற்ற நகாஷிமா, தன் பட்டறைக் கட்டடங்களையும் தானே வடிவமைத்தார். அவருடைய மேசைகளில் நார் அவ்வளவு தெளிவாகப் பேசுவதற்கு, வெளிச்சத்தைக் கையாளப் பழகிய அந்தப் புதுச்சேரி வருடங்களும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

இன்று பட்டறைக்கு ஒதுக்குவது மாடிப்படிக்கு அடியிலோ, ஷட்டர் போட்ட கார் நிறுத்தும் இடத்திலோதான். ஷட்டரைத் திறந்தால் தெருப்புழுதி, மூடினால் இருட்டு. அந்த இருட்டில் இழைத்த வேலையைக் கடைகளில் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

பிளக் பாயிண்டை 4 அடிக்கு மேல் வைத்தால் படுக்கைவசமாகச் சாய்த்த பிளைவுட் மறைக்காது. டேபிள் சாவும் மேசையும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். இவற்றைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். சன்னலைச் சுவர் எழும்பும்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும்: அடிமட்டம் மேசைப்பலகைக்குச் சற்றே மேலே, 3 அடியில். 4 அடிக்கு ஏற்றிவிட்டால் அந்தத் தாழ்ந்த வெளிச்சம் பலகைக்கு வராது.