குனிந்தேன், தொட்டேன்!

என் மகள் படிக்கும் பள்ளியின் விளையாட்டுப் பொருள் அறையில் கூடைப்பந்து, ஈட்டி, வட்டு, சுருட்டி வைத்த கபடி மேட் எல்லாம் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அத்தனையையும்விட ஒசத்தி, கதவோரம் கிடக்கும் ஒரு பிளைவுட் பெட்டிதான். ஒரு அடி உயரம். மேல் பலகை மட்டும் ஒரு பக்கமாக வெளியே நீண்டிருக்கும். அதில் வரிசையாகச் சென்டிமீட்டர் கோடுகள். பார்த்தால் ஆசாரி பாதியில் விட்டுப்போன வேலை மாதிரி இருக்கும். 'சிட் அண்ட் ரீச்' பெட்டி என்று பெயர். நாற்பத்தைந்து வயதில் இவளுக்குப் பெட்டி மேல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். கால்விரலைத் தொட்டவளுக்குத்தானே தெரியும் அதன் ருசி!

அந்தப் பள்ளியின் பி.இ.டி. மேடம் சனிக்கிழமை காலைகளில் பெற்றோரையும் மைதானத்துக்கு வரச் சொல்வார். பிள்ளையை இறக்கிவிட்டுவிட்டு, காரிலேயே உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில்தான் நானும் இருந்தேன். எனக்குக் கணக்கு எழுதும் உத்தியோகம். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட பக்கத்து மேசைப் பையனைக் கூப்பிடும் நிலை. கோவையின் ஆறரை மணிக் காற்று கார்க் கண்ணாடியை இறக்க வைத்தது. மேடம் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மைதானத்துக்குக் கூட்டிப்போனார். "சும்மா உட்காருங்க மேடம், அளந்து பார்த்துரலாம்" என்றார்.

அளக்கும் முறையே தனி அழகு. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, உள்ளங்காலைப் பெட்டியோடு ஒட்ட வைக்க வேண்டும். முட்டி மேலே எழும்பக் கூடாது. எழும்பாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஏழாம் வகுப்புப் பொடியன் அதிகாரத்தோடு பக்கத்தில் குந்தியிருப்பான். ஒரு கையின் மேல் இன்னொரு கை, இரண்டு நடுவிரல் நுனியும் ஒரே மட்டத்தில். மூச்சை விட்டபடி கைகளைப் பலகைமேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போய், எட்டிய இடத்தில் இரண்டு விநாடி நிற்க வேண்டும். எம்பித் தொட்டால் செல்லாது. எங்கள் பெட்டியில் பாதம் ஒட்டும் இடத்துக்கு நேராக 23 என்று குறித்திருக்கிறது. அதை எட்டினால் விரலைத் தொட்டதாகக் கணக்கு. நான் முதலில் எட்டியது 14. பொடியன் அதை மைதானம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தான். இப்போது நான் 27! எழுதும்போதே சிரிப்பு வருகிறது, போங்கள்.

இந்தப் பதின்மூன்று சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் தீராத ஆச்சரியம். தொடையின் பின்பக்கம் மூன்று நீளமான தசைகள் இருக்கின்றன. நாம் உட்காரும்போது தரையில் அழுந்துமே, அந்த எலும்பில் தொடங்கி முட்டிக்குக் கீழே போய்ப் பிடித்துக்கொள்கின்றன. இடுப்பு, முட்டி என்று இரண்டு மூட்டுகளைத் தாண்டிப் போவதால், முட்டியைக் கொஞ்சம் மடக்கினாலே இழுப்பு தளர்ந்து யாரும் விரலைத் தொட்டுவிடலாம். நீட்டினால்தான் தெரியும் சங்கதி.

அந்தத் தசைகள் குட்டையாகிப் போனதால்தான் குனிய முடியவில்லை என்று நான் நினைத்திருந்தேன். மேடம் வேறு கதை சொன்னார். தசைக்குள்ளேயே அதன் நீளத்தையும் அது நீளும் வேகத்தையும் உளவு பார்க்கும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றனவாம். வெடுக்கென்று இழுத்தால் அவை முதுகுத்தண்டுக்குச் சேதி அனுப்பும். மூளையைக் கேட்காமலே 'சுருங்கு' என்று அங்கிருந்து உத்தரவு வந்துவிடும். டாக்டர் முட்டிக்குக் கீழே குட்டிச் சுத்தியலால் தட்டும்போது கால் தானாக உதைக்கிறதே, அதே ஏற்பாடுதான். மெதுவாகப் போய் அசையாமல் நின்றால் அந்த உளவாளிகள் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகின்றன. சில வாரப் பயிற்சியில் கிடைக்கும் முன்னேற்றத்துக்குத் தசை நீண்டுவிட்டது காரணமல்ல, அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ள நரம்பு மண்டலம் பழகிவிட்டதே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கு இதைக் கேட்டபோது உச்சி குளிர்ந்துவிட்டது. என்னிடம் இல்லாத ஒன்றை நான் உண்டாக்க வேண்டியதில்லை. இருக்கிறதைத் தர என் உடம்பைச் சம்மதிக்க வைத்தால் போதும்!

அந்தச் சம்மதம் வரும் கணத்தை எப்படிச் சொல்வது? உட்கார்ந்து குனிகிறேன். பத்து விநாடி வரை தொடைக்குப் பின்னால் சுருசுருவென்று ஒரு எரிச்சல், 'போதும் போதும்' என்று ஒரு கெஞ்சல். "மூச்சை அடக்காதீங்க, விடுங்க, இன்னும் விடுங்க" என்று மேடத்தின் குரல். பதினைந்து, இருபது என்று அவர் எண்ணிக்கொண்டே வரும்போது, நான் ஒன்றுமே செய்யாமல் அந்தப் பிடி தானாக நழுவும். வயிறு தொடைப் பக்கம் அரை விரல்கடை இறங்கும். அந்த அரை விரல்கடைக்கு எந்தச் சினிமா டிக்கெட்டும் ஈடாகாது.

முப்பது விநாடி ஆனதும் எழுந்து, காலை உதறிவிட்டு, மறுபடி. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பரிந்துரையும் இதை ஒட்டியதுதான்: பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 30 விநாடி, ஒரு தசைக்கு மொத்தம் 60 விநாடி, வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது. வயதானவர்கள் 30 முதல் 60 விநாடி வரை நிற்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்தொடை, முன்தொடை, கெண்டைக்கால், இடுப்பு, தோள் என்று எல்லாவற்றையும் கவனித்தாலும் கால் மணி நேரம் தாண்டாது. டீக்கடையில் நின்று அரசியல் பேச அதைவிட அதிக நேரம் ஆகும்.

எப்போது நீட்டுவது என்பதில் மேடம் படு கறார். விளையாடுவதற்கு முன்னால் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்க விடமாட்டார். ஒரு தசையை நிமிடக் கணக்கில் அசையாமல் இழுத்து வைத்துவிட்டு உடனே ஓடினால், தாண்டினால், அதன் வேகமும் விசையும் சற்றுக் குறையும். அதனால் முதலில் மெதுவோட்டம். அப்புறம் காலை முன்னும் பின்னும் வீசுதல், எட்டு வைத்து முட்டி மடக்கி நடத்தல், கையைச் சுழற்றுதல் என்று அசைந்தபடியே நீட்டும் பயிற்சிகள். உடம்பு சூடாகி விளையாட்டும் முடிந்த பிறகுதான் அசையாமல் நிற்பது.

கபடிப் பெண்களைப் பார்க்க வேண்டும்! ரெய்டுக்குப் போகும் பெண் காலை நீட்டி, எதிரணிக்காரியைக் கட்டைவிரல் நுனியால் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள். அந்த ஒரு நீட்டலுக்காக அவர்கள் பக்கவாட்டில் காலை அகட்டி, ஒரு முட்டியை மடக்கி, மறுகாலின் உள்தொடையை வாரக்கணக்கில் பழக்கியிருக்கிறார்கள். எதிராளியின் கைக்கு எட்டாத தூரத்திலிருந்து தன் கால் அவளை எட்டினால் பாயின்ட். நான் வேலியோரம் நின்று விசிலடித்தேன். மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆனால் என்னைக் கவிழ்த்தது பி.என்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்லும் முறைதான். 1940களில் அமெரிக்காவில் ஹெர்மன் கபாட் என்ற மருத்துவரும் மார்கரெட் நாட் என்ற பிசியோதெரபிஸ்டும் போலியோ முதலான நோய்களால் தளர்ந்துபோன கைகால்களுக்குச் சிகிச்சை தேடியபோது உருவாக்கியது. பின்னால் அது விளையாட்டு மைதானத்துக்கும் வந்துவிட்டது. மல்லாந்து படுத்துக்கொள்ள, ஜோடிக்காரர் நம் ஒரு காலை நீட்டியபடி மேலே தூக்கி, இழுக்கிற இடத்தில் நிறுத்துவார். இப்போது நாம் அந்தக் காலைக் கீழே தள்ள வேண்டும், அவர் விடமாட்டார். ஐந்தாறு விநாடி மல்லுக்கட்டு. அப்புறம் தளர்த்தி, மூச்சை விட்டால், சற்று முன் எந்த இடத்தில் 'அம்மா' என்று கத்தினோமோ அதைத் தாண்டிக் கால் வழுக்கிக்கொண்டு மேலே போகிறது. எனக்கு ஜோடி என் மகள். "வெடுக்குனு தள்ளாத கண்ணு, அம்மா சொல்ற வரைக்கும்தான்" என்று மேடம் அவளைப் பத்து தடவை எச்சரித்திருப்பார். பதினேழு வயதுப் பெண் தாயின் காலைத் தோளில் தாங்கிக்கொண்டு "ஒன்னு… ரெண்டு…" என்று எண்ணுவது வீட்டில் நடக்காது. மைதானத்தில் நடக்கிறது.

ரசிகை என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட மாட்டேன். இதைச் செய்தால் மறுநாள் உடம்பு வலியே வராது என்று சிலர் அடித்துவிடுகிறார்கள். அதெல்லாம் வரும், நீட்டுவதால் அந்த வலி குறைவது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெட்டியும் நூற்றுக்கு நூறு நியாயஸ்தன் அல்ல. கை நீளம், கால் குட்டை என்றால் சலுகை. வளரும் வயதில் கால் எலும்பு முதுகை முந்திக்கொண்டு நீள்வதால், போன வருஷம் எளிதாகத் தொட்ட பையன் இந்த வருஷம் தவிப்பான். அவனைப் பார்த்து "சோம்பேறி" என்று எந்த வாத்தியாரும் சொல்லிவிடக் கூடாது. ஏற்கெனவே மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகிற பிள்ளைகளுக்கு இன்னும் வளைவதைவிட அந்த மூட்டைத் தாங்கும் பலம்தான் தேவை. முதுகில் டிஸ்க் தொந்தரவு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பெட்டிப் பக்கம் போகவே வேண்டாம். இரண்டு காலையும் சேர்த்து நீட்டினால் முதுகு கூன் போட்டு அழுந்துகிறது என்பதற்காக, ஒரு காலை மடக்கி வைத்து, ஒவ்வொரு காலாக அளக்கும் முறையும் உண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் பிரபலமான ஃபிட்னஸ்கிராம் தேர்வில் அதுதான். எனக்கும் அதுவே சௌகரியம்.

'சிட் அண்ட் ரீச்' தேர்வை 1952இல் கேத்தரின் வெல்ஸ், எவலின் டில்லன் என்ற இரண்டு பெண்கள் ஆய்விதழில் எழுதி முன்வைத்தார்கள் என்று மகளின் பாடத்தைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் துடிக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்து குனிந்தால் அது பச்சிமோத்தாசனம்தானே. ஆனால் ஆசனம் போட்டவர்கள் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி வைத்ததில்லை. எண் கையில் இருந்தால் அதன் போதை தனி. இன்று கேலோ இந்தியா உடல்தகுதித் தேர்வில் 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டங்களோடு இந்தப் பெட்டிக்கும் இடம் உண்டு. பல பள்ளிகளில் வருஷத்துக்கு ஒரு முறை அளந்து, இணையத்தில் ஏற்றிவிட்டு, பெட்டியைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். கணக்குப் பாடம் நடத்த பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் பழக்கத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

பிளஸ் டூவில் மகள் உடற்கல்வியை ஒரு பாடமாக எடுத்திருப்பதால் முதியோருக்கான ரிக்லி-ஜோன்ஸ் தேர்வும் அவளுக்குப் பாடம். அதற்கு வீட்டிலேயே ஒரு முதியவர் வேண்டுமே! என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியின் நுனியில் அவரை உட்காரவைத்தாள். ஒரு பாதம் தரையில்; இன்னொரு கால் நீட்டி, குதிகால் ஊன்றி, விரல்கள் மேலே. "அப்பத்தா, மெதுவா குனிஞ்சு விரலைத் தொடப் பாரு" என்றாள். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார். விரலைத் தாண்டி நான்கு சென்டிமீட்டர் போய் நின்றுகொண்டு "இன்னும் போகணுமா அம்மிணி?" என்று கேட்டார். எப்படி முடியாமல் போகும்? விவரம் தெரிந்த நாளிலிருந்து விடிகாலையில் வாசலில், முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து, புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர். தினமும் கால் மணி நேரம், யாரும் அளக்காத பயிற்சி.

அடுத்தது முதுகுப்புறக் கை கோர்ப்பு. ஒரு கை தோளுக்கு மேலே போய் முதுகில் இறங்க வேண்டும், இன்னொன்று இடுப்புப் பக்கமிருந்து ஏற வேண்டும், நடுவிரல்கள் சந்திக்கின்றனவா என்று அளப்பார்கள். இதில் அத்தை மாட்டிக்கொண்டார். இடைவெளி 16 சென்டிமீட்டர். எனக்கோ விரல் நுனிகள் தொட்டுக்கொள்கின்றன. முதுகுப் பக்கம் ஹூக் வைத்த ஜாக்கெட்டை யார் உதவியும் இல்லாமல் போட்டுக்கொள்கிறேன். அத்தைக்குப் பொறுக்கவில்லை. மகள் சொல்லிக்கொடுத்தபடி ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, மேல் கையால் மெல்ல இழுத்து, கீழ்க் கையை ஏற்றிக்கொண்டே சீரியல் பார்க்கிறார். விளம்பர இடைவேளையில் கை மாற்றுகிறார். முந்தாநாள் அளந்ததில் 13. சனிக்கிழமை மைதானத்துக்குத் தானும் வருவதாகவும், அந்தப் பொடியனைத் தன் எண்ணைச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு போட்டிருக்கிறார்.