புளியங்குளத்து வரிசையும் நமது எழுத்தும்

ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்ட பின், வவுனியாவிலிருந்து வடக்கே போனவர்கள் இரண்டு அதிகாரங்களைக் கடந்தார்கள். ஓமந்தையில் இராணுவத்தின் சாவடி. அப்பால் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சாவடி. புளியங்குளத்தில் விபரம் பதிய வேண்டும், பொதிகளைப் பிரித்துக் காட்ட வேண்டும், பொருட்களுக்கு வரி கட்ட வேண்டும். வன்னிக்குள் வாழ்ந்தவர் வெளியே வர இயக்கத்தின் ‘பாஸ்’ வேண்டும். இவ்விதிகளை ஆக்கியவர்களை அந்த வரிசையில் நின்ற எவரும் தெரிவு செய்யவில்லை.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தில் கொடுத்த கெடு இரண்டு மணித்தியாலம். பன்னிரண்டு வருடங்களின் பின் புத்தளத்திலிருந்து சொந்த வீட்டைப் பார்க்கப் போனவர்களும் இதே வரிசையில்தான் நின்றார்கள். விரட்டியவர்களிடமே உள்ளே போக அனுமதி கேட்டார்கள்.

இந்த வரிசையை நமது இலக்கியம் எப்படிப் பார்த்தது? ஈழத்து விமர்சனத்தில் நீண்டகாலம் ஒரு பழக்கம் இருந்தது. சிங்களத்தில் வந்த கட்டளை ஒடுக்குமுறை. தமிழில் வந்த கட்டளை கட்டுப்பாடு. கவிஞர் செல்வியை 1991இல் புலிகள் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) புலம்பெயர்ந்த மண்ணிலிருந்து வந்தது தற்செயலல்ல.

இதைச் சொல்வது நமக்கு இலகு. நாம் பாதிக்கப்பட்ட தரப்பு. கடினமான கேள்வியை எழுப்புவது ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ நாவல். இயக்கத்துக்குப் போய் மீண்ட தமிழ்ப் பெண்களின் வாழ்வையும், சமூகப் பணி செய்யும் முஸ்லிம் பெண்ணான தவக்குலின் வாழ்வையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. இயக்கத்தின் கட்டளையும் ஊரின் கட்டளையும் பெண்ணிடம் சம்மதம் கேட்காமலே வருகின்றன. இந்த ஒப்பீடே நாவலின் பலம். நம்மில் பலரைச் சங்கடப்படுத்தியதும் இதுவே.

நாவலாசிரியரின் அனுபவமும் வேறல்ல. பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்குவது பற்றி 2012இல் வானொலிப் பேட்டியொன்றில் சொன்ன கருத்துக்காக மிரட்டப்பட்டு, அவர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. அக்கருத்தை ஏற்காதவர்கள் மறுத்து எழுதியிருக்கலாம். எழுத்துக்கு எழுத்தே பதில்.

மார்க்கம் வெளியாரின் அதிகாரமல்ல, நமது ஈமானோடு சேர்ந்தது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் உள்ளத்தில் உறுதிப்படாததை மிரட்டல் கொண்டுவந்து சேர்க்காது. ஊரின் பெயரால் பயமுறுத்துபவர் மார்க்கத்துக்காகப் பேசவில்லை. தன் அதிகாரத்துக்காகவே பேசுகிறார்.

புலிகளின் சாவடி இன்று புளியங்குளத்தில் இல்லை. வெளியேற்றத்தின் கதையை நாம் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது; எழுதுவோம். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலக் கெடுவை எழுதும் பேனா, நம் ஊருக்குள் ஒருவருக்கு விதிக்கப்படும் கெடுவை எழுதத் தயங்கினால், அடுத்த தலைமுறை நமது எழுத்தை இலக்கியமாக அல்ல, ஒரு தரப்பின் முறைப்பாடாகவே வாசிக்கும்.