அமைதியே முதல் அளவுகோல்: தங்கவயல்காரருக்கு ஏற்ற ஹெட்போன் எது?

இசையைக் கூர்ந்து கேட்க எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று கேட்டால், கடைக்காரர் விலையிலிருந்து பேச்சைத் தொடங்குவார். விளம்பரம் பாஸிலிருந்து தொடங்கும். கோலார் தங்கவயலில் வாழ்பவர் வேறோர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு இந்த ஊர்க்காரர்கள் பலரின் பிழைப்பு பெங்களூருக்குப் போய்விட்டது. மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் கூட்டம் ஏறும். பங்காரப்பேட்டை தாண்டி பெங்களூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலையில் திரும்பவும் அதே நேரம். உழைக்கும் ஒருவருக்கு இசைக்கென்று நாளில் மிஞ்சுவது பெரும்பாலும் இந்த நேரம்தான். ஆகவே, சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து கேட்பவருக்காக எழுதப்பட்ட பரிந்துரைகளை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. அளவுகோல்களை நாமே வகுத்துக்கொண்டு, கிடைக்கும் வகைகளை அவற்றில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதல் அளவுகோல், வெளிச்சத்தத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது. இதை வசதி சார்ந்த விஷயமாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒலித்தரத்தையும் காதின் நலத்தையும் ஒருசேரத் தொடும் விஷயம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, சராசரியாக 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரட்டிப்பாகும். கேட்கத் தகுந்த நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபலுக்கு 20 மணி நேரம், 86க்கு 10 மணி நேரம், 89க்கு வெறும் 5 மணி நேரம். போகவர நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் வாரத்தில் ஆறு நாள் ரயிலில் கேட்பவருக்கு 24 மணி நேரம் ஆகிறது. 83 டெசிபலில் கேட்டாலே அவர் வரம்பைத் தாண்டிவிடுகிறார். திறந்த சன்னல் வழியாகச் சக்கர ஓசை உள்ளே வரும் பெட்டியில், சத்தத்தைத் தடுக்காத இயர்போனை மாட்டியவர் வால்யூமை 83இல் நிறுத்துவதில்லை. பாடகரின் சொல் புரியும்வரை ஏற்றிக்கொண்டே போவார். பாறை துளைக்கும் இயந்திரத்தின் முன் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மந்தமாவது சுரங்கத் தொழில் உலகெங்கும் அறிந்த தீங்கு. சுரங்கத்தையே நம்பி வாழ்ந்த ஊரின் அடுத்த தலைமுறை அதே இழப்பைத் தன் கையாலேயே தேடிக்கொள்ளக் கூடாது.

நுண்ணிய ஒன்றைக் கேட்க வேண்டுமானால் முதலில் சுற்றுச் சத்தத்தை விலக்க வேண்டும் என்பதற்குத் தங்கவயலிலேயே பெருமைமிக்க சான்று உண்டு. 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தது. அத்தனை ஆழத்துக்கு இறங்கியதற்குக் காரணம், மேலே பொழியும் காஸ்மிக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும் என்பதே. எத்தனை நுட்பமான கருவியும் இரைச்சலுக்கு நடுவே வைத்தால் பயன் தராது. ஹெட்போனுக்கும் இதே நியாயம்தான். மெல்லிய ஒலிகள் ரயிலின் உறுமலுக்குள் மூழ்கிவிட்டால், அவற்றை எடுத்துக் காட்டும் திறனுக்குக் கொடுத்த பணம் வீண்.

இரண்டாவது அளவுகோல் நாதம். நம் இசையைக் கேட்பவருக்குத் தம்புராவை விட நல்ல சோதனை கிடையாது. ஜீவாளி நூல் சரியாக அமைந்த தம்புராவில் ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுருதிக்கு மேல் அடுக்கடுக்காக மேற்சுரங்கள் எழுந்து வரும். மட்டமான இயர்போனில் அந்த அடுக்குகள் ஒட்டிப்போய் ஒரே முனகலாகக் கேட்கும். அடுத்தது மிருதங்கம். சாதாரண முரசுத் தோலில் எழாத இசைவான மேற்சுரங்கள் கரணை பூசிய வலந்தலையில் எழுகின்றன என்பதை சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். அந்த மேற்சுரங்கள் தெளிவாகக் கேட்டால்தான் சாப்பு சாப்பாகக் கேட்கும். இடப்பக்கத் தொப்பியின் கும்கி ஒலி எழுந்த வேகத்திலேயே அடங்கவும் வேண்டும். பாஸைக் கூட்டி வைத்த இயர்போனில் கும்கி அடங்காமல் பரவிப் பாடகரின் குரலை மூடிவிடும்.

குரல் மூன்றாவது சோதனை. மனிதனின் செவிக்குழல் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே பெருக்கிக் கொடுக்கிறது. இயர்போன் அந்தக் குழலை அடைப்பதால், குறையும் எழுச்சியை அதுவே ஈடுகட்ட வேண்டும். ஈடு குறைந்தால் குரல் பின்னுக்குப் போகும். கூடினால் நாதஸ்வரமும் வயலினும் காதைக் குத்தும். பழைய மோனோ பதிவுகளை விரும்பிக் கேட்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பழைய இசைத்தட்டுகளில் ஏற்கனவே இருக்கும் கீச்சொலியையும் தட்டு உரசலையும், மேலொலியை முறுக்கிய இயர்போன் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். அதைத்தான் ‘தெளிவு’ என்று சொல்லி விற்கிறார்கள்.

மூன்றாவது அளவுகோல், செலவும் ஆயுளும். விலை கூடினால் ஒலி உயரும் என்ற நம்பிக்கைக்கு அளவீடு துணை நிற்கவில்லை. யெரோன் பிரீபார்ட் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 283 ஹெட்போன், இயர்போன்களின் அலைவெண் அளவீடுகளை ஆராய்ந்து, அவற்றுக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பில்லை என்று கண்டார். நல்ல பொருளும் கெட்ட பொருளும் எல்லா விலையிலும் இருக்கின்றன. விலை கூடும்போது பொருளின் கட்டமைப்பும் அணியும் சுகமும் உயரலாம். நாதம் உயரும் என்று எந்த விலைச்சீட்டும் உறுதி தராது.

இந்த மூன்று அளவுகோல்களோடு நான்கு வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, கம்பியில்லாமல் சிறு டப்பாவில் வரும் மலிவான இயர்பட்ஸ். ராபர்ட்சன்பேட்டைக் கடைகளிலும் ரயில் பெட்டிகளிலும் அதிகம் கண்ணில் படுவது இதுதான். தொலைபேசிப் பேச்சுக்கு இது நல்ல கருவி. இசைக்கு என்று பார்த்தால், இந்த விலையில் வருபவற்றில் பெரும்பாலானவை பாஸை அளவு மீறி ஏற்றியவை. கும்கி குரலை மூடும் குறையை நான் அதிகம் கேட்டது இவற்றில்தான். பேட்டரி தளர்ந்ததும் பொருளே குப்பையாகிறது. நாதத்திலும் ஆயுளிலும் தோற்கும் இந்த வகையைக் கூர்ந்து கேட்பவர் ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது, சத்தத்தை மின்னணு முறையில் அடக்கும் பெரிய ஹெட்போன். 1978இல் விமானப் பயணம் ஒன்றில் அமர் போஸுக்குத் தோன்றிய எண்ணத்திலிருந்து வளர்ந்த நுட்பம் இது. வெளிச்சத்தத்தை மைக் மூலம் வாங்கி, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே உண்டாக்கி அதைக் கரைத்துவிடுகிறது. தொடர்ந்து ஒரே சீராக வரும் தாழ்ந்த உறுமலில் இது மிக நன்றாக வேலை செய்யும். ரயில் சத்தத்தின் பெரும்பகுதி அந்த வகைதான். சோனியின் டபிள்யூ.எச்-1000எக்ஸ்.எம்5 போன்றவற்றை மாட்டினால் சக்கர ஓசை ஒதுங்கிப்போவதை யாரும் உணரலாம். முதல் அளவுகோலில் இந்த வகைக்கே முதலிடம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் வாங்கிய நிலையில் இதன் பாஸ் தடித்திருக்கிறது. செயலியில் ஈக்வலைசரைத் திருத்திய பிறகே மிருதங்கம் ஒழுங்குக்கு வருகிறது. இத்தரத்து ஹெட்போனின் விலை பல ஆயிரங்களில் இருக்கிறது. பேட்டரி தளரும் நாள் ஒன்றும் காத்திருக்கிறது. நெரிசலில் நின்றபடி போகிறவருக்குத் தலைமேல் இருக்கும் விலையுயர்ந்த பொருள் ஒரு கவலையும்கூட.

மூன்றாவது, செவிக்குழலுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் கம்பியுள்ள இயர்போன். 1991இல் மீட் கில்லியனின் எடிமோடிக் நிறுவனம் கொண்டுவந்த ஈ.ஆர்-4, காதுக்குள் ஆழமாகச் செருகி வெளிச்சத்தத்தை வெறும் அடைப்பாலேயே தடுக்க முடியும் என்பதையும், அத்தனை சிறிய பொருளில் நேர்மையான ஒலியைத் தர முடியும் என்பதையும் மெய்ப்பித்தது. அன்று பெரும்பணம் கேட்ட அந்தத் தரத்தின் பெரும்பகுதி இன்று 2,000 ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. மூன்டிராப் சூ 2, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ ஆகிய இரண்டும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் ஹார்மன் நிறுவனத்தில் நடத்திய சோதனைகளிலிருந்து பிறந்த ஒலி வரைவை ஒட்டி இவை அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரைவையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கத் தேவையில்லை. சோதனைகளில் ஒலித்தவை பெரும்பாலும் மேற்கத்தியப் பாடல்கள். நம் கச்சேரிக்கு அந்த பாஸ் அளவு சற்றே கூடுதல் என்பது என் கணிப்பு. ஆனால் குரலும் வயலினும் தம்புராவும் இவற்றில் தத்தம் இடத்தில் நிற்கின்றன. கம்பி பழுதானால் கழற்றி மாற்றலாம். பேட்டரி கிடையாது.

குறைகளும் உண்டு. ரயிலின் தாழ்ந்த உறுமலை இரண்டாவது வகையைப் போல இது அடக்காது. உடன் வரும் சிலிகோன் முனைக்குப் பதிலாக ஃபோம் முனை போட்டால் இரண்டுக்குமான இடைவெளி வெகுவாகக் குறைகிறது. காதுக்குப் பொருந்தாத முனையைப் போட்டால் காற்று கசிந்து பாஸ் ஓடிவிடும். ‘இதில் பாஸே இல்லை’ என்ற புகார்கள் பலவற்றுக்கு முனையின் அளவுதான் காரணம். 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாத போனுக்குச் சிறு டாங்கிள் ஒன்றும் வேண்டும்.

நான்காவது, முதுகு திறந்த பெரிய ஹெட்போன். 1968இல் சென்ஹைசரின் எச்.டி 414 தொடங்கி வைத்த வழி இது. 1997இல் வந்த எச்.டி 600 இன்றும் தயாராகிறது. காது மெத்தை, கம்பி என்று அதன் பகுதிகளைத் தனித்தனியே வாங்கி மாற்றலாம். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) தொகுப்பை இதில் கேட்டால் வி.எஸ். நரசிம்மனின் வயலினும் அதைச் சுற்றி நகரும் தந்திக் குழுவும் தனித்தனி இழைகளாகப் பிரிந்து, தலைக்குள் நெரியாமல் வெளியே விரிகின்றன. மனிதக் குரலுக்கு இதைவிட நேர்மையான ஹெட்போனை நான் இதன் விலையில் கேட்டதில்லை. ஆழ்ந்த பாஸ் மட்டும் மெலியும். திரையிசையில் பெருமுரசு அதிரும் இடங்களில் அந்தக் குறை தெரியும். 300 ஓம் மின்தடை கொண்டது என்பதால் போனோடு நேரே இணைத்தால் மெல்லிய பதிவுகளுக்கு வலு போதாது. தனி ஆம்ப் இருப்பது நல்லது. இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை, திறந்த முதுகு வழியாக வெளிச்சத்தம் முழுவதும் உள்ளே வரும் என்பதே. ரயிலுக்கு இது உதவவே உதவாது. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டில் அக்கம்பக்கம் உறங்கிய பிறகுதான் இதன் அருமை விளங்கும்.

தீர்ப்புக்கு முன் ஒரு மறுப்பைப் பார்க்க வேண்டும். உயர் தெளிவுக் கோப்புகளும் விலையுயர்ந்த கம்பிகளும் இல்லாமல் கூர்ந்து கேட்பது எப்படி என்று சிலர் கேட்பார்கள். மேயரும் மொரனும் 2007இல் வெளியிட்ட, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் நடத்திய சோதனையில், உயர் தெளிவுப் பதிவையும் அதையே சி.டி. தரத்துக்கு இறக்கியதையும் கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. சி.டி.யின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரம் போதும். புளூடூத்தில் வழக்கமான எஸ்.பி.சி. வழி நொடிக்கு ஏறக்குறைய 328 கிலோபிட்டும், சி.டி. 1,411 கிலோபிட்டும் கடத்துகின்றன. இந்த வேறுபாடு அமைதியான அறையில் சில இடங்களில் தெரியலாம். ஓடும் ரயிலில் தெரியாது. கம்பிக்கும் கோப்புக்கும் செலவழிக்க நினைக்கும் பணம் நல்ல ஃபோம் முனைக்குப் போனால் பலன் கண்கூடாகத் தெரியும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், 2,000 ரூபாயை ஒட்டிய கம்பியுள்ள இயர்போன், அதோடு ஃபோம் முனை, டாங்கிள். முதல் அளவுகோலில் இது இரண்டாமிடம்; மற்ற இரண்டிலும் அந்த இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. செவிக்குழலில் எதையும் செருக முடியாதவர்களும் உறுமல் அறவே வேண்டாம் என்பவர்களும் சத்தமடக்கும் ஹெட்போனை வாங்கி, பாஸைக் குறைத்துக் கேட்கலாம். வீட்டில் அமைதியான ஒரு மணி நேரம் உறுதியாகக் கிடைப்பவர் மட்டும், பணம் சேர்ந்த பிறகு, எச்.டி 600 வகைக்குப் போகலாம். அந்த ஒரு மணி நேரம் இல்லாதவர் அதை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பதால் பயனில்லை.

வாங்கப் போகும்போது நெடுநாள் கேட்டுப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவைக் கையோடு கொண்டுபோங்கள். தம்புரா பிரிகிறதா, கும்கி அடங்குகிறதா, குரல் முன்னே நிற்கிறதா என்று வரிசையாகக் கேளுங்கள். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வையுங்கள். சத்தம் கூடியது எப்போதும் நல்லதுபோலத் தோன்றும். ரயிலில் சொல் புரியும் அளவோடு வால்யூமை நிறுத்துங்கள். நடைமேடையிலும் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்திலும் இரண்டு காதிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ஹெட்போன் போனால் இன்னொன்று வாங்கலாம். செவியின் உள்ளே அழிந்த நுண்மயிர்ச் செல்கள் மனிதருக்குத் திரும்ப வளர்வதில்லை.