விரலுக்குப் பதில் சொல்லும் விசை

ஒத்தக்கடையில் கீபோர்டு என்பது சோறு போடும் சாமான். மேலூர் சாலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்ட பிறகு, மனுவும் வக்காலத்தும் பிரமாண வாக்குமூலமும் அடித்துக் கொடுக்கும் வேலை இந்த ஊரைச் சுற்றிப் பெருகியது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1965லிருந்து, வேளாண்மைக் கல்லூரி இங்கே இருக்கிறது. ஆய்வேடு அடிக்காமல் அங்கிருந்து யாரும் முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வர முடியாது. பகலெல்லாம் இப்படி அடித்து ஓய்ந்த விரல்களில் பல, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதே மேசையில் வாலரன்ட்டோ கவுண்டர் ஸ்ட்ரைக்கோ ஆடுகின்றன. வேலைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என இரண்டு கீபோர்டு வாங்க இடமும் இல்லை, காசும் இல்லை. ஒன்றே வாங்கலாம், வயர்லெஸ்ஸாக, மெக்கானிக்கலாக வாங்கலாம் என்று முடிவு செய்தவரை இன்றைய விளம்பரங்கள் வண்ண விளக்கையும் பேட்டரியையும் காட்டி இழுக்கின்றன. தேர்வை அங்கே தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. விசைக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சில் தொடங்க வேண்டும். அதிலும், தமிழ் அடிப்பவருக்கு எந்த ஸ்விட்ச் ஏற்றது என்பதை ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட பரிந்துரைகள் சொல்லாது. தமிழின் எழுத்தமைப்பே சொல்லும்.

மெக்கானிக்கல் கீபோர்டின் ருசி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று முதல் பாடம் தொடங்கி, லோயர் முடித்து, ஹையர் பாஸ் பண்ணிய தலைமுறைகள் இங்கே உண்டு. அந்த இயந்திரம் ஒவ்வொரு அடிக்கும் பதில் சொன்னது. அச்சுக் கட்டை காகிதத்தில் மோதியது காதுக்குத் தெரியும். வண்டி ஓர் எழுத்து தள்ளிப் போனது கைக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது, புள்ளி, விசிறி போன்றவற்றுக்கு நகரா விசைகளை வைத்தார். அவற்றை அடித்தால் குறி விழும், வண்டி அசையாது. அடித்தது மெய்யின் புள்ளியா முழு எழுத்தா என்பதைக் கண் பார்க்குமுன்பே கை உணர்ந்துவிடும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் அந்தப் பொறிகள் செய்யப்பட்டன என்றாலும், அவற்றில் இருந்த நுட்பம் தமிழ் எழுத்தை அங்குலம் அங்குலமாக யோசித்தவருடையது. பிறகு கம்ப்யூட்டர் வந்தபோது அந்தப் பதிலை ஓரளவு காப்பாற்றிக் கொடுத்தது டிவிஎஸ் கோல்டு. 1911இல் மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய குழுமத்தின் வழிவந்த நிறுவனம் விற்ற அந்தக் கீபோர்டுக்குள் ஜெர்மானிய செர்ரி நிறுவனத்தின் நீல ஸ்விட்ச் இருந்தது. டிடிபி சென்டர், பில்லிங் கவுண்டர், வக்கீல் ஆபீஸ் எங்கும் கேட்ட அந்த ‘டக் டக்’ ஓசைதான் நம்மில் பலருக்கு மெக்கானிக்கல் கீபோர்டின் இலக்கணம். ஆகவே வயர்லெஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பதும் நீல ஸ்விட்சைத்தான். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

செர்ரியின் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் அதை ஒட்டியே செய்கின்றன. விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும்; பாதி வழியில், ஏறத்தாழ 2 மில்லிமீட்டரில், எழுத்து பதிவாகிவிடும். சிவப்பு ஸ்விட்ச் ஏறக்குறைய 45 கிராம் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும். வழியில் ஒரு தடங்கலும் இராது. பழுப்பு ஸ்விட்சில் எழுத்து பதிவாகும் இடத்தை ஒட்டி ஒரு சின்ன மேடு இருக்கும். 55 கிராம் அழுத்தத்தில் விரல் அதைத் தாண்டும். நீலத்தில் மேடும் உண்டு, ‘டக்’ ஓசையும் உண்டு. அழுத்தம் 60 கிராம் வரை போகும். ரப்பர் கீபோர்டில் இந்த நடுவழிச் செய்தியே கிடையாது. கடைசிவரை குத்தினால்தான் எழுத்து விழும், ஆகவே விரல் ஒவ்வொரு முறையும் அடித்தட்டில் மோதுகிறது. நாளெல்லாம் மனு அடிப்பவரின் விரல் மூட்டு அந்த மோதலையெல்லாம் வாங்கிக்கொள்கிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாக வந்த தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலது கையிலும் இருக்கின்றன. ‘நீதிமன்றம்’ என்று அடித்துப் பாருங்கள்: ந, ஈ, த, இ, ம, ன, ற, ம, புள்ளி. ஒன்பது தட்டு. ‘ன்ற’ என்பதில் புள்ளி தானாகவே விழுந்துவிடும். முதல் நான்கு தட்டுகளில் வலம், இடம், வலம், இடம் என்று கைகள் மாறி மாறிப் போகும் நடை அழகானது. பழகியவர் அடிப்பதைக் கேட்டாலே தாளம் புரியும். அடுத்து ‘பக்கம்’: ப, க, க, ம, புள்ளி. ஒரே விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் மெய்க்குப் புள்ளி தானே வருகிறது. பத்து, அப்பா, வழக்கு, தீர்ப்பு, சட்டம், கட்டணம் என்று தமிழில் இந்த இரட்டிப்பு இல்லாத வாக்கியத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இவ்வளவு அடிக்கடி வராத இரட்டைத் தட்டு தமிழில் வரிக்கு வரி வருகிறது. நீல ஸ்விட்சின் குறை வெளிப்படுவது இதில்தான். அதில் எழுத்து பதிவாகும் இடத்தைவிட, அடுத்த தட்டுக்குத் தயாராகும் இடம் கணிசமாக மேலே இருக்கிறது. விரல் அவ்வளவு தூரம் எழும்பாமல் மறுபடி அழுத்தினால் இரண்டாவது ‘க’ விழாது. ‘பக்கம்’ ‘பகம்’ ஆகிவிடும். பழுப்பில் இந்த இடைவெளி குறைவு. சிவப்பில் இன்னும் குறைவு, ஆனால் விழுந்ததா இல்லையா என்று விரலுக்குச் சொல்ல அங்கே மேடு இல்லை. மேடு வேண்டும், ஓசை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். வீடு தூங்கிய பிறகு விளையாடுகிறவருக்கு ஓசை குறைவது கூடுதல் லாபம்.

விளையாட்டுக்காரர்கள் இங்கே மறுப்பார்கள். வேகத்துக்குச் சிவப்புதான், இப்போது அதையும் தாண்டிக் காந்த ஸ்விட்ச் வந்துவிட்டது, பழுப்பு மேடு விரலைத் தடுக்கும் என்பார்கள். காந்த ஸ்விட்சின் மேன்மையை நான் மறுக்கவில்லை. விசை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அது தொடர்ந்து அளக்கிறது. விரலைச் சற்று உயர்த்தியதுமே அடுத்த தட்டுக்குத் தயாராகிவிடுகிறது. போட்டியில் ஆடிப் பரிசு வாங்குபவருக்கு அது வேண்டியதுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வழுக்கும் வகை. அதற்கென்றே செய்த பலகையில் மட்டுமே பொருந்தும். வயர்லெஸ்ஸில் பேட்டரியையும் கூடுதலாகக் குடிக்கும். இன்னொன்றையும் கணக்குப் பண்ணுங்கள். மதுரையிலிருந்து ஆட்டத்தின் மும்பை சர்வருக்கு நேர்க்கோட்டிலேயே 1,100 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்த் திரும்புவதற்கு மட்டும் 11 மில்லிவிநாடிக்கு மேல் ஆகிறது. கேபிள் சுற்றி வளைத்துப் போவதும் வழியில் உள்ள கருவிகளும் அதைப் பல மடங்காக்கும். 10 கிராம் கூடுதல் அழுத்தம் உள்ள ஒரு மேடு ஆட்டத்தின் முடிவை மாற்றும் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் ஏற்க முடியவில்லை. பழுப்பு மேடு மிகவும் மெல்லியது, இருந்தும் இல்லாததுபோல என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கீபோர்டு ரசிகர்கள் சொல்லும் குறையில் நியாயம் உண்டு. இன்ஸ்டிட்யூட்டில் ஓங்கி அடித்துப் பழகிய கைக்கு அது போதாமல் இருக்கலாம். அதைவிட எடுப்பான மேடுள்ள ஸ்விட்சுகள் கேட்டரான், கைல் நிறுவனங்களிடம் இருக்கின்றன.

தமிழ்99 அடித்து விளையாடவும் செய்பவரின் இடது கையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஆட்டத்தில் நகர்வதற்கான நான்கு விசைகள் டபிள்யூ, ஏ, எஸ், டி. தமிழ்99இல் அவையே ஈ, அ, இ, உ. பகலில் இகர உகரங்களால் அடிவாங்கும் எஸ்ஸும் டியும் இரவில் ஓட்டத்துக்கும் அடிவாங்குகின்றன. வேறு யாருடைய கீபோர்டிலும் இல்லாத வேகத்தில் இந்த மூலை தேயும். ஆகவே ஸ்விட்சைச் சாலிடரிங் இல்லாமல் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட்ஸ்வாப் வசதி நமக்கு அத்தியாவசியம். விளையாட்டுக்கென்று விற்கும் சில கீபோர்டுகளில் இந்த நான்கு விசைகளுக்கு மட்டும் சொரசொரப்பான, குழிந்த மூடி போட்டிருப்பார்கள். தமிழ் அடிக்கும்போது அது விரலை இடறும், தவிர்த்துவிடலாம். பழைய டைப்ரைட்டர் அமைப்பிலேயே தமிழ் அடிப்பவர்களுக்கு ஹாட்ஸ்வாப்பால் வேறொரு நன்மை: அந்த அமைப்பில் ஷிப்ட் விசைக்கு ஓயாத வேலை, சுண்டுவிரல் சோர்ந்துபோகும். ஷிப்டுக்கு அடியில் மட்டும் இலகுவான ஸ்விட்ச் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

வயர் எதற்கு இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். டிவிஎஸ் கோல்டின் வயரில் என்ன குறை? ஒரே கம்ப்யூட்டர், ஒரே மேசை, ஒரே வேலை என்றால் குறையே இல்லை, அதையே தொடரலாம். ஆனால் ஆபீஸ் லேப்டாப், வீட்டு கம்ப்யூட்டர், வாட்ஸ்அப்பில் தமிழில் பதில் அடிக்க ஒரு போன் என்று மூன்றுக்கும் ஒரே கைப்பழக்கம் வேண்டுமென்றால் வயர் தடைதான். மேசையில் வழக்குக் கட்டுகளைப் பரப்ப வேண்டியபோது கீபோர்டைத் தூக்கி ஓரமாக வைக்கவும் முடிய வேண்டும். இங்கே வயர்லெஸ் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. புளூடூத்தில் கீபோர்டு பொதுவாக விநாடிக்கு 125 முறைதான் செய்தி அனுப்பும், அதாவது 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிளில் 1,000 முறை. மனுவுக்குப் புளூடூத் போதும், ஆட்டத்துக்கு டாங்கிள் வேண்டும். இரண்டும் உள்ளதையே வாங்க வேண்டும். அதோடு வயரிலும் ஓட வேண்டும், சார்ஜ் தீர்ந்த நாளில் வாய்தாவைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்க முடியாது. டாங்கிளை கேபினெட்டின் பின்பக்கம், யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகுவது பெரிய தப்பு. அந்த போர்ட்டின் மின்னிரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது, எழுத்து விட்டுப்போகும். இன்னொரு சங்கடம், சும்மா வைத்தால் கீபோர்டு தூங்கிவிடும். எழுந்து வரும்போது முதல் எழுத்தை விழுங்கிவிடும் மாடல்கள் உண்டு. தூங்கும் நேரத்தை மாற்றிக்கொள்ள மென்பொருள் இருக்கிறதா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும். வண்ண விளக்கை அணைத்து வைத்தால் பேட்டரி பல மடங்கு நாள் தாங்கும்.

அளவு விஷயத்தில் விளையாட்டுப் பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது. மௌஸுக்கு இடம் வேண்டும் என்பதற்காக எஃப் வரிசையே இல்லாத குட்டிக் கீபோர்டை வாங்கிவிட்டு, டேலியில் பேமென்ட்டுக்கு எஃப்5, ரசீதுக்கு எஃப்6, சேல்ஸுக்கு எஃப்8 தேடி ஒவ்வொரு முறையும் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்துவது தண்டனை. கணக்கு அடிப்பவர் எண் பட்டையோடு நெருக்கி அடுக்கிய 96, 98 விசை வகையைப் பார்க்கலாம். மனு அடிப்பவருக்கும் மாணவருக்கும் எஃப் வரிசையும் அம்புக்குறிகளும் உள்ள 80, 85 விசை அளவு போதும்.

மூடிகளில் பிபிடி பிளாஸ்டிக்கைக் கேட்டு வாங்குங்கள். மதுரைச் சித்திரை வெயிலில் வேர்த்த விரலுக்கு ஏபிஎஸ் மூடி சில மாதங்களில் எண்ணெய் பூசினதுபோல் பளபளக்கும். பிபிடி தன் சொரசொரப்பை வெகுநாள் விடாது. மேலூர் சாலைத் தூசி எந்தக் கீபோர்டையும் விடப்போவதில்லை. மூடியைப் பிடுங்கித் தூரிகையால் துடைக்க முடிவதே மெக்கானிக்கலின் பெரிய வசதி. தூசித் தடுப்புச் சுவர் வைத்த பாக்ஸ் வகை ஸ்விட்சுகளும் இருக்கின்றன.

ஐந்நூறு ரூபாய் ரப்பர் கீபோர்டு இரண்டு வருஷம் வரும், அப்புறம் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கலாமே என்பது நியாயமான கேள்வி. ஹாட்ஸ்வாப்பும் மூன்று வகை இணைப்பும் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டுகள் மூவாயிரம், நாலாயிரம் ரூபாயிலேயே இப்போது கிடைக்கின்றன. ரப்பரில் ஒரு விசை படுத்தால் மொத்தமும் குப்பை. இதில் ஒரு ஸ்விட்ச் போனால் சில பத்து ரூபாயோடு முடிந்தது. ஒரு கோடித் தட்டுகளைத் தாண்டியும் உழைக்கும் பொருளை விலையால் மட்டும் அளப்பது சரியாகாது. நாளெல்லாம் அடிப்பவருக்கு விரல் வலி இல்லாத மாலைநேரமும் அந்த விலையில் சேர்த்திதான்.

கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். ஸ்பேஸ் பாரின் இடக்கோடி, வலக்கோடி இரண்டையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் கடகடவென்று ஆடினால் அடியில் இருக்கும் கம்பி சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம், எண்டரும் ஷிப்டும் அப்படியே இருக்கும். பிறகு எச் விசையை, தமிழ்99இல் ‘க’ இருக்கும் அதே விசையை, விரலை முழுக்க எடுக்காமல் அடுத்தடுத்து இருமுறை தட்டுங்கள். இரண்டு தட்டும் தனித்தனி மேடாக விரலுக்குத் தெரிந்தால் பில் போடச் சொல்லலாம். அதே ஸ்விட்சில் உதிரி நாலைந்தும் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். எஸ்ஸுக்கும் டிக்கும் அவை தேவைப்படும்.