புகைப்படப் போட்டிகளும் நடுவர் கடனும்

பாடசாலைக் கலைவிழாக்களிலும் வாசிகசாலை ஆண்டு விழாக்களிலும் புகைப்பட ஆர்வலர் கழகங்களிலும் போட்டிகள் நடைபெறுகின்றன. முதலாம் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என மூன்று வரிகளில் முடிவுகள் வெளியாகின்றன. இந்தப் படம் ஏன் வென்றது, அந்தப் படம் ஏன் ஒதுக்கப்பட்டது என்பதற்கு விளக்கம் கிடைப்பது அரிது. சிறுகதைப் போட்டியொன்றின் நடுவர் இவ்வாறு நடந்துகொண்டால் நம் எழுத்தாளர்கள் வாளாவிருக்க மாட்டார்கள். புகைப்படத்தின் விடயத்தில் மட்டும் நடுவரின் மௌனத்தை இயல்பானதென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். காரணம் கூறாத பரிசு வென்றவருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. தோற்றவருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. ஆகவே, தீர்ப்பு எந்த அளவுகோலால் வழங்கப்படுகின்றது என்று ஆராய்வது நம் கடமையாகின்றது.

அளவுகோல் வானத்திலிருந்து இறங்கி வந்ததன்று. நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரின் வரலாறே இதற்குச் சான்று. யூலியா மார்கிரட் கமரன் 1863ஆம் ஆண்டில், தமது 48ஆம் வயதில், மகளிடமிருந்து ஒரு கமராவைப் பரிசாகப் பெற்றுப் படம்பிடிக்கத் தொடங்கினார். அவருடைய படங்களில் குவியம் தெளிவாக இல்லை, வேலைப்பாடு செம்மையற்றது என இங்கிலாந்தின் புகைப்படப் பத்திரிகைகள் குறை கூறின. பேர்லினிலோ 1866இல் அவருக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. ஒரே கையால் ஆன படங்கள் ஓரிடத்தில் கவனக்குறைவெனப்பட்டன, மற்றோரிடத்தில் கலையெனப்பட்டன.

வரலாறு இத்துடன் முடியவில்லை. இவருடைய கணவர், நம் மாணவர்கள் பாடப்புத்தகத்திற் காணும் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரனே. இக்குடும்பத்துக்கு இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இங்கு வந்து குடியேறினர். 1879இல் அம்மையார் இங்கேயே காலமானார். இங்கு அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை சிலவே. அவற்றில் இம்மண்ணின் உழைக்கும் மக்கள் காட்சி தருகின்றனர். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகப்படங்களுக்கு டெனிசன், ஹேர்ஷல், டார்வின் என்று பெயர்கள் உண்டு. இங்கு 1878இல் எடுத்த படமொன்றின் தலைப்போ ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பது. டார்வினுக்கு முகமும் பெயரும் இருந்தன. களுத்துறையாருக்கு முகம் மட்டுமே எஞ்சியது. குவியத்தின் கலக்கம் ஒரு குறையாயின், இப்பெயரின்மை குறையன்றோ?

கமரன் அம்மையாரைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. தோட்ட முதலாளியின் வீட்டிலிருந்து புறப்பட்ட கமரா, அங்கிருந்து காணக்கூடியதையே கண்டது. கமரா எவர் பக்கத்தில் நின்றது என்பதும் படத்தின் ஒரு பகுதியே. நடுவர்களின் மதிப்பெண் தாளில் இதற்கு இடம் வேண்டும் என்பதே நம் வாதம்.

இன்று போட்டிகளுக்கு வரும் படங்களை இக்கண்கொண்டு நோக்குவோம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தைக் காணாத நடுவர் எவருமிரார். காலைப் பனி, பசுமைச் சரிவு, முதுகிலே கூடை, முகத்திலே புன்னகை. ஒளி நன்று, அமைப்பும் நன்று. ஆனால் அப்பெண் கமராவுக்காகச் சிரிக்கும் கணம் அவளுடைய வேலைநாளில் எத்தனை நிமிடம்? பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இலேதான் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியிற் பிரகடனமாயிற்று. அந்தப் போராட்டத்தின் சுவடு இப்படத்தில் எங்கே? அதே பெண் தராசடியில் நின்று, நிறுவை முள்ளையும் கணக்கெழுதுபவரின் கையையும் மாறிமாறிப் பார்க்கும் கணத்தை எவரேனும் பிடித்து அனுப்பினால், பனியும் பசுமையும் இல்லாவிடினும் அதுவே கூடுதலான உண்மையைச் சொல்லும் படம்.

தெற்குக் கரையில், கொக்கல, வெலிகமப் பகுதிகளில், கடலில் நாட்டிய கம்பங்களின் மேலமர்ந்து தூண்டிலிடும் மீனவரின் படமும் இத்தகையதே. இன்று அக்கம்பங்களில் ஏறுவோர் பலர் மீனுக்காக ஏறுவதில்லை. உல்லாசப் பயணிகள் தரும் காசுக்காக ஏறுகின்றனர். மாலைச் சூரியனையும் நிழலுருவையும் மட்டும் கண்டு பரிசளிக்கும் நடுவர், ஒரு நடிப்பைத் தொழிலென்று நம்பிப் பரிசளிக்கின்றார். காசு கைமாறும் கணத்தைப் படம்பிடித்த இளைஞர் ஒருவர் இருப்பாராயின், அவரன்றோ கரையோர வாழ்வின் மாற்றத்தைக் கண்டவர்!

இதனால், ஏழையைப் படம்பிடித்தாற் போதும், அது முற்போக்குக் கலையாகிவிடும் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. சுருக்கம் விழுந்த முதியவரின் முகம், கிழிந்த சட்டைச் சிறுவனின் கண்ணீர் என்பனவும் இன்று வாய்ப்பாடாகிவிட்டன. நடுவரின் இரக்கத்தைக் குறிவைத்து எடுக்கப்படும் படம், அழகைக் குறிவைத்து எடுக்கப்படும் படத்தினும் உயர்ந்ததன்று. உள்ளடக்கம் நல்லதென்பதற்காக உருவத்தின் குறையை மன்னிப்பதும் விமர்சனமாகாது. எதைக் காட்ட விழைந்தாரோ அது பார்ப்பவரின் கண்ணிற் படாமற் போகுமாயின், நல்லெண்ணத்தால் ஆவது என்ன?

இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஜேர்மனியில் வில்லி முன்ஸன்பேர்க் நடத்திய தொழிலாளர் சித்திரப் பத்திரிகை, 1926 மார்ச்சில் தன் வாசகருக்கு ஒரு புகைப்படப் போட்டியை அறிவித்தது. தொழிலாளர் வாழ்வைக் காட்டும் படங்கள் முதலாளித்துவப் படநிறுவனங்களிடம் கிடைக்காமையால், தொழிலாளரே அவற்றை எடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அவ்வாண்டிலேயே தொழிலாளர் புகைப்படக்காரருக்கெனத் தனி இதழொன்றும் தோன்றியது. வாசகர் அனுப்பிய படங்களை அச்சிட்டு, அவற்றின் குறைநிறைகளை எடுத்துரைப்பதை அது தன் பணியாகக் கொண்டது. ஒளியும் இரசாயனமும் அங்கே பாடமாயின. வர்க்கப் பார்வையும் பாடமாயிற்று. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் இவ்வியக்கம் நசுக்கப்பட்டது. நசுக்கியவர்கள் அதன் வலிமையை அறிந்திருந்தனர் போலும்.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்றும் சிந்திக்கத் தக்கது. 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதுப் போட்டியின் ஒரு பிரிவில் வென்ற ஜேர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சென் பரிசை மறுத்தார். தம் படம் கமராவால் எடுக்கப்பட்டதன்று, செயற்கை அறிவால் ஆக்கப்பட்டது என்றார். அப்படத்திலுள்ள இரு பெண்களும் உலகில் வாழ்ந்தவரல்லர். ஒளியையும் அமைப்பையும் மட்டும் அளக்கும் கோல் எத்துணைக் குறையுடையதென்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

ஆகவே, நடுவராக அமரும் ஆசிரியர்களிடம் மூன்று வினாக்களை நாம் முன்வைக்கின்றோம். படம் சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்கின்றதா? படம்பிடித்தவருக்கும் படத்திலிருப்பவருக்கும் இடையே உள்ள உறவு எத்தகையது? படத்திலிருப்பவரின் பெயரையும் தொழிலையும் சம்மதத்தையும் படம்பிடித்தவர் கேட்டறிந்தாரா? பெயரை வெளியிட விரும்பாதவரும் உளர். கேட்டறிந்து மறைப்பது மதிப்பு. கேளாமலே விடுவது அலட்சியம்.

இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளை, ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் நான்கு வரிகளில் எழுதித் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். கேடயம் மூவருக்கே கிடைக்கும். அந்நான்கு வரிகளோ பங்குபற்றிய அனைவருக்கும் கிடைக்கும். இன்று நம் மாணவர் பலரின் கையிலே கைபேசி வடிவில் கமரா இருக்கின்றது. அதை எவர் பக்கத்தில் நின்று உயர்த்த வேண்டும் என்பதை அவர்கள் சிந்திக்கத் தொடங்குவார்களாயின், போட்டி நடத்தியதன் பயன் அதுவேயாகும்.