மினெட் டி சில்வா: கண்டியில் பிறந்த நவீனம்

தெற்காசிய நவீனக் கட்டடக்கலை பற்றிய நூல்களில் இலங்கைக்கு ஒதுக்கப்படும் பக்கங்களைப் பெரும்பாலும் ஜெஃப்ரி பாவாவே நிரப்பிவிடுகிறார். பாவாவின் மேதைமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் கட்டடக்கலைஞராகத் தகுதிபெற்ற 1957க்குச் சில ஆண்டுகள் முன்பே, கண்டியில் சொந்தமாக அலுவலகம் நடத்தி வீடுகளை எழுப்பிக்கொண்டிருந்தவர் மினெட் டி சில்வா (1918–1998). அவரை இரண்டொரு வரிகளில் கடந்துபோகும் வழக்கம் ஏன் வந்தது?

தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி, அமைச்சராக இருந்தவர். தாய் ஆக்னஸ், இலங்கைப் பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடியவர். பம்பாய் ஜே. ஜே. கல்லூரியில் படித்த மினெட், 1942இல் காந்திக்கு ஆதரவான மாணவர் போராட்டத்தில் இறங்கியதால் வெளியேற்றப்பட்டார். 1946இல் பம்பாயில் 'மார்க்' கலை இதழைத் தொடங்கிய குழுவில் அவரும் சகோதரி அனிலும் இருந்தார்கள். பிறகு லண்டன் படிப்பு. 1948இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் ஆனார். நவீனக் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேவுடனான நட்பைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்த மையில் பாதியையாவது அவர் கட்டிய சுவர்களுக்குச் செலவிட்டிருக்கலாம்.

கண்டியில் 1949–51இல் எழுந்த கருணாரத்ன வீட்டைப் பாருங்கள். மலைச் சரிவை வெட்டிச் சமதளமாக்காமல், சரிவோடு சேர்ந்து இறங்கும் தளங்களாக வீட்டை அமைத்தார். தும்பர நெசவாளர்களின் வேலைப்பாடு, உள்ளூர்க் கைவினைஞர்கள் சுட்ட களிமண் ஓடு, ஓவியர் ஜோர்ஜ் கீட்டின் சுவரோவியம் எல்லாம் கொங்கிரீட்டோடு சேர்ந்து அந்த வீட்டின் உடலாகின. இவை கட்டி முடித்த வீட்டில் பின்னால் ஒட்டிய அலங்காரங்கள் அல்ல. வரைபடம் போடும்போதே கைவினைஞருக்கு இடம் வைத்தார். கொழும்பு அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் கட்டிய பீரிஸ் வீட்டிலோ, தூண்கள் மாடியைத் தாங்க, கீழ்த்தளம் காற்றுக்குத் திறந்து முற்றத்தோடு கலந்தது. மாடிப்படிக் கம்பிகளில் கண்டிய அரக்கு வேலை. இந்தச் சிந்தனையை 'பிரதேச நவீனக் கட்டடக்கலை' என்று பெயரிட்டு 1950களின் தொடக்கத்திலேயே எழுதினார். இதையொத்த கருத்து 'விமர்சனப் பிரதேசவாதம்' என்ற பெயரில் மேற்கில் பேசப்பட்டது 1980களில்தான். அங்கே எழுதப்பட்ட கட்டுரைகளைக் கோட்பாடாகவும், கண்டியில் எழுதப்பட்டவற்றை உள்ளூர்க் குறிப்பாகவும் நாம் படித்துப் பழகிவிட்டோம்.

ஆனால் என் பார்வையில் அவருடைய மிகப் பெரிய சாதனை, கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டம் (1955–58). அரச ஊழியருக்கான இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். வழக்கம்போல ஒரே வரைபடத்தை வரிசையாக அச்சடித்திருக்கலாம். அவர் செய்ததோ வேறு. குடியேறப்போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எத்தனை பேர், என்ன வருமானம், எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ விரும்புகிறீர்கள் என்று விசாரித்து, வெவ்வேறு வகை வீடுகளை வடிவமைத்தார். பல சமூகத்தவரும் அடுத்தடுத்து வாழும் குடியிருப்பாக அது உருவானது. பயனாளியின் பங்கேற்பு என்று இன்று திட்ட ஆவணங்களில் எழுதுவதை 1950களில் அவர் நடைமுறையாகவே செய்திருக்கிறார்.

ஆனால் தொழில் அவரிடம் நிலைத்து நிற்கவில்லை. கூட்டாளியோ ஆண் பங்குதாரரோ இல்லாமல் தனியாக நிற்கும் பெண்ணை ஒப்பந்தக்காரரும் வீட்டுக்காரரும் முழுமையாக நம்பவில்லை. 1958இல் அவரிடம் வேலை செய்யக் கண்டிக்கு வந்த டேனிஷ் கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர், விரைவிலேயே பாவாவுடன் சேர்ந்தார். மினெட் பயணங்களிலும் எழுத்திலும் ஈடுபட்டார். 1975 முதல் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தார். திரும்பி வந்து 1980களில் கண்டியக் கலை மையத்தைக் கட்டினார். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவனம் தங்கப்பதக்கம் அளித்தது 1996இல். அப்போது அவருக்கு வயது 78.

வரலாற்றாளர்களின் பாராமுகத்துக்கு, நின்று பிழைத்த கட்டடங்களை மட்டும் எண்ணுவதும் ஒரு காரணம். மினெட்டின் வீடுகள் பல இடிக்கப்பட்டன, சில உருமாறின. பாவாவின் படைப்புகளுக்கு அறக்கட்டளை காவல் நிற்கிறது. மினெட்டின் படைப்புகளுக்கு அப்படி ஒன்று அமையவில்லை. 1998இல் வந்த அவரது தன்வரலாற்று நூலே முதன்மைச் சான்று. அண்மை ஆய்வாளர்கள் அந்த நூலையும் படங்களையும் கடிதங்களையும் வைத்துத் தடத்தை மீட்டுவருகிறார்கள். ஆனாலும் அவர்களின் கவனம் பெரும்பாலும் அவருடைய வாழ்க்கையைச் சுற்றியே நிற்கிறது. வட்டபுளுவவில் இரண்டு மூன்று தலைமுறைகள் அந்த வீடுகளை எப்படி நீட்டி, மாற்றி, தமதாக்கின என்பதை வீடு வீடாக அளந்து பதிவுசெய்ய வேண்டும். அவர் கேள்வித்தாளோடு தொடங்கிய ஆய்வின் அடுத்த கட்டம் அதுதான்.